ஓட ஓட உக்காந்துக்குமாம் ஹெட்லைட்!

ஏழு வருடங்களுக்கு முன், ஒரு கார்த்திகை மாதத்தில் நடந்தது இது. அப்போது நான் கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே இருக்கும் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். வீடு கள்ளக்குறிச்சியில். மலைக்குப் போகும் பஸ்ஸைத் தவறவிட்டால் முதல் பீரியட் போய்விடும். அதனாலேயே கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, செகண்ட் ஹேண்டில் ஒரு சின்ன வெள்ளைக் கார் வாங்கியிருந்தேன். எங்கள் பள்ளித் தமிழய்யாவும் அறிவியல் டீச்சரும் தினமும் என்னோடு வருவார்கள். தமிழய்யா ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது. அறிவியல் டீச்சர் கல்யாணமாகி ஒரு வருடமே ஆன பெண். அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி.

ஒரு நாள் காலை, கச்சிராயபாளையத்துக்குக் கொஞ்சம் முன்னால், கரும்பு ஏற்றிப் போன டிராக்டர் திடீரென்று நின்றுவிட்டது. நானும் பிரேக்கை மிதித்தேன். ரோட்டில் கிடந்த கரும்புச் சோகை வழுக்கிவிட்டு, காரின் வலது முன்பக்கம் போய் டிராக்டர் பெட்டியில் இடித்தது. மெதுவான இடிதான். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் வலது ஹெட்லைட் நொறுங்கி, பம்பர் பிளந்து, பானெட்டின் ஓரம் மடங்கிவிட்டது.

கள்ளக்குறிச்சியில் ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு பெரிய ஒர்க் ஷாப்பில் வண்டியை விட்டோம். பன்னிரண்டு நாள் ஆனது. இன்சூரன்ஸில் செய்கிற வேலை, பெரிய இடம், நன்றாகத்தான் செய்வார்கள் என்று நம்பினேன். வண்டியை எடுக்கப் போன அன்று அதைப் பளபளவென்று கழுவி, டாஷ்போர்டுக்கெல்லாம் ஏதோ பூசி மினுக்கி வைத்திருந்தார்கள். பார்க்க ஆசையாக இருந்தது. ஒரு சுற்று சுற்றி வந்தேன். முன்பக்கம் வந்ததும் கால் நின்றுவிட்டது.

வலது ஹெட்லைட் சரியாக உட்காரவில்லை. இடது பக்கம் பானெட்டுக்கும் லைட்டுக்கும் நடுவில் ஒரு நூல் அளவுதான் சந்து. வலது பக்கத்தில் என் சுண்டு விரல் போனது. மட்கார்டிலிருந்து லைட்டுக்குக் கையால் தடவிக்கொண்டே வந்தால், லைட்டு தொடங்கும் இடத்தில் கை உள்ளே இறங்கியது. முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "புது லைட்டு டீச்சர். அப்டித்தான் இருக்கும். ஓட ஓட உக்காந்துக்கும்" என்றார்.

"காலைக் கடிக்கிற புதுச் செருப்பா, போடப் போடப் பழகிப்போறதுக்கு?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர் சிரித்தார். பெயிண்ட் அடித்தவர் சிரித்தார். இன்சூரன்ஸ் பேப்பரோடு வந்திருந்த ஆளும் சிரித்தார். அடுத்து முதலாளி ஒரு காரியம் செய்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போனை எடுத்து, விழுப்புரத்தில் ஆபீஸில் இருந்த என் கணவருக்கு அடித்தார். "சார், வண்டி ரெடி. மேடம்தான் லைட்டுல கொஞ்சம் சந்து இருக்குன்னு டவுட்டு படறாங்க" என்றார். போனை என்னிடம் நீட்டினார். என் கணவருக்கு மீட்டிங் அவசரம். "லைட்டு எரியுதில்ல? வுட்டுட்டு எடுத்துக்கினு வா" என்று என்னிடம் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

'வேலை திருப்தியாக உள்ளது' என்று அச்சடித்த ஒரு தாளை நீட்டினார்கள். நான்கு பேர் சுற்றி நின்று என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையெழுத்துப் போட்டேன். பரீட்சை ஹாலில், விடையைச் சரிபார்க்காமல் பேப்பரைக் கொடுக்காதே என்று ஆயிரம் பிள்ளைகளிடம் கத்தியிருக்கும் நான், போட்டேன்.

மறுநாள் விடியற்காலை, பனி கவிந்திருந்த கோமுகி அணை ரோட்டில் லைட்டைப் போட்டுப் பார்த்தபோதே வித்தியாசம் தெரிந்தது. இடது லைட்டின் வெளிச்சம் நேராகப் போனது. வலது லைட்டின் வெளிச்சம் என் காலடியிலேயே விழுந்து கிடந்தது. அன்று சாயங்காலமே ஒர்க் ஷாப்புக்குப் போனேன். லைட்டுக்குப் பின்னால் ஒரு ஸ்க்ரூ இருக்கிறது. அதைத் திருகினால் வெளிச்சம் ஏறும், இறங்கும். அதை அது போகிற மட்டும் திருகிவிட்டு, "இப்ப பாருங்க டீச்சர், சூரியன் மாதிரி இருக்குது" என்றார்கள். வெளிச்சம் கொஞ்சம் ஏறியது. சந்து அப்படியே இருந்தது.

மூன்றாம் முறை போனபோது என் கைப்பையிலிருந்து ஸ்கேலை எடுத்து அளந்தே காட்டினேன். இடது பக்கம் நாலு மில்லிமீட்டர், வலது பக்கம் பதினொன்று. "டீச்சர் ஒர்க் ஷாப்புக்கே பரீட்சை வைக்கிறாங்கடா" என்று யாரோ உள்ளேயிருந்து சொல்ல, மறுபடியும் சிரிப்பு. முதலாளி அன்று கொஞ்சம் எரிச்சலாக இருந்தார். "மேடம், இதே வேலைய தெனம் பத்து வண்டிக்குப் பண்றோம். ஜென்ட்ஸ் யாரும் இப்டி ஸ்கேல் வெச்சு அளக்கறதில்ல. லேடீஸுக்குத்தான் சின்னது எல்லாம் பெருசா தெரியும்" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு, "எனக்கு அந்தச் சந்து போகணும். அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஒன்றரை மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார்கள். சந்து இல்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மெல்லிய கறுப்புக் கோடாக, அழகாக இருந்தது. நானும் ஏமாந்தேன். தேங்க்ஸ் சொல்லிவிட்டு வந்தேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வரும்.

அதற்கு ஐந்தாம் நாள்.

காலை ஏழே முக்கால் இருக்கும். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதுமே பனி மூடிக்கொண்டது. கார்த்திகை, மார்கழியில் அந்த மலையில் பனி இறங்கினால் முன்னால் போகிற மாடுகூடக் கிட்டப் போனால்தான் தெரியும். லைட்டைப் போட்டுக்கொண்டு, ஹாரன் அடித்துக்கொண்டு, இரண்டாவது கியரில் போய்க்கொண்டிருந்தேன். ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியது. அதற்குப் பிறகு வலது பக்கம் கொஞ்சம் மங்கின மாதிரி இருந்தது. பனி அடர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வளைவில் திரும்பியதும் எதிரே பஸ். வெள்ளிமலையிலிருந்து இறங்கி வருகிற பஸ். அது அதன் பக்கத்தில் வரவில்லை. பாதி ரோட்டுக்கு மேல் பிடித்துக்கொண்டு நேராக என்னைப் பார்த்து வந்தது. இடது பக்கம் ஸ்டியரிங்கை ஒடித்தேன். வண்டி வாய்க்காலில் ஒரு சக்கரம் இறங்கி, மலைச் சுவரில் உரசி நின்றது. பஸ்ஸின் பிரேக் சத்தம் காதைக் கிழித்தது. கண்ணைத் திறந்து பார்த்தபோது, பஸ்ஸின் முன் பம்பர் என் ஜன்னலுக்கு வெளியே கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்தது. பின்சீட்டில் அறிவியல் டீச்சர் வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் அழுதுகொண்டிருந்தார்.

பஸ் டிரைவர் குதித்து இறங்கினார். ஐம்பது வயது இருக்கும். காதை மூடி மப்ளர் கட்டியிருந்தார். "ஏம்மா, அறிவு இருக்குதா? ஒத்த லைட்ட போட்டுக்கினு மலைல வர்றியே! பைக்குன்னு நெனச்சு ஏறிட்டேன். எத்தினி உசுரு போயிருக்கும், யாரு பதில் சொல்றது?" என்று கத்தினார்.

எனக்கும் வெறி வந்தது. தவறான பக்கத்தில் வந்துவிட்டு என்னையே கத்துகிறாரே என்று, "ரெண்டு லைட்டும் எரியுது! நீங்க ரோட்டை அடைச்சுக்கிட்டு வந்துட்டு..." என்று நானும் கதவைத் திறந்துகொண்டு இறங்கினேன்.

"வந்து பாரும்மா. இந்தப் பக்கம் வந்து பாரு."

போய்ப் பார்த்தேன். வலது லைட்டு உள்பக்கமாகச் சாய்ந்து, தலையைக் குனிந்துகொண்டு கிடந்தது. எரிந்துகொண்டுதான் இருந்தது. வெளிச்சமெல்லாம் பம்பருக்குள்ளேயே விழுந்தது. எதிரே வருகிறவருக்கு என் இடது லைட்டு மட்டும், ரோட்டின் ஓரத்தில் ஒற்றைப் புள்ளியாகத் தெரிந்திருக்கும். ஓரமாக வரும் பைக் என்றுதான் யாருமே நினைப்பார்கள். அதற்கு இவ்வளவு இடம் போதும் என்று அவர் கணக்குப் போட்டு வளைவில் அகலமாகத் திரும்பியிருக்கிறார். அவர் கணக்கில் தப்பில்லை.

அவர் குனிந்து லைட்டின் ஓரத்தில் விரலை விட்டு இழுத்தார். ஒரு முழ நீளத்துக்குக் கறுப்பு ரப்பர் பட்டை கையோடு வந்தது. அதன் பின்னாலேயே நாலாக மடித்த ஓர் அட்டைத் துண்டு விழுந்தது. ஏதோ உதிரிப்பாகம் வந்த டப்பாவைக் கிழித்து மடித்து, லைட்டுக்குக் கீழே முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். வெளியே தெரிகிற சந்தை ரப்பரால் அடைத்துவிட்டார்கள். அவ்வளவுதான் நான் பார்த்து மயங்கிய அழகு.

டிரைவர் அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "யாரும்மா இந்த வேலைய பண்ணது? எருமைக்குக்கூட இப்டி கட்டு போட மாட்டானே."

பஸ்ஸிலிருந்து ஏழெட்டுப் பேர் இறங்கி வந்தார்கள். எல்லாம் மலைக்காரர்கள், சந்தைக்கு இறங்குகிறவர்கள். நாலு ஆண்கள் சேர்ந்து வாய்க்காலிலிருந்து வண்டியைத் தூக்கி ரோட்டில் வைத்தார்கள். சாமை மூட்டையோடு வந்த ஓர் அம்மா, மூட்டை வாயைக் கட்டியிருந்த சணல் கயிற்றை அவிழ்த்து, "இத்த வெச்சு இறுக்கிக் கட்டுங்க. மூட்டைய நான் கையில புடிச்சுக்கினு போறேன்" என்று கொடுத்தார். டிரைவர் அதை வாங்கி லைட்டை இறுக்கிக் கட்டினார். வழியெல்லாம் அந்த மூட்டையின் வாயைப் பிடித்தபடியே அவர் கள்ளக்குறிச்சி வரை போயிருப்பார்.

அறிவியல் டீச்சரை அந்த பஸ்ஸிலேயே ஏற்றி வீட்டுக்கு அனுப்பினேன். கிளம்பும் முன் டிரைவர், "பனி தெளியற மட்டும் நகராதீங்க. இறங்கி கச்சிராயபாளையத்துல புளியமரத்தாண்ட ஒரு டிங்கர் கீறாரு. அவராண்ட காட்டுங்க" என்று சொல்லிவிட்டு, "கத்திட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். மன்னிப்புக் கேட்ட ஒரே ஆள் இந்தக் கதையில் அவர்தான். அவர் கேட்டிருக்கவே வேண்டாம்.

பனி தெளியும் வரை தமிழய்யாவும் நானும் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்திருந்தோம். அவர், "நானும் பார்த்தேன் டீச்சர்" என்றார்.

"எதை?"

"வலது பக்க லைட்டு ஒரு மாதிரி உள்ள போயிருந்ததை. முதல் நாளே பார்த்தேன். பெரிய ஒர்க் ஷாப்புல பண்ணது, நமக்கு என்ன தெரியும்னு சொல்லலை."

எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. அறிவியல் டீச்சரும் பார்த்திருந்தாராம். அது பிற்பாடு தெரிந்தது. மூன்று பேரும் பார்த்திருக்கிறோம். மூன்று பேரும் பிள்ளைகளுக்கு 'கேள்வி கேளுங்கள்' என்று சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவர்கள்.

நசுங்கிய தகடுகளை நிமிர்த்துகிற அந்த டிங்கரின் கொட்டகை நாலு கம்பமும் ஒரு தகரமும்தான். ஆள் சிடுசிடுப்பானவர். வண்டியைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் பம்பரைக் கழற்றினார். "டீச்சர், கிட்ட வாங்க. நீங்களே பாருங்க" என்று கூப்பிட்டார். அந்த ஒரு மாதமாக 'நீங்களே பாருங்க' என்று என்னிடம் சொன்ன முதல் மெக்கானிக் அவர்.

"லைட்டு மேல தப்பு இல்லீங்க. லைட்டு ஒக்கார்ற பேனலே உள்ள போயிருக்குது. அத்த இழுக்காம மேல கறுப்பு பெயிண்ட் அடிச்சு மறைச்சிட்டாங்க. இடம் இல்லாத இடத்துல லைட்ட வெச்சு முடுக்கினா இன்னா ஆவும்? மூணு காதுல ரெண்டு ஒடஞ்சிருக்குது பாருங்க."

காது என்றால், லைட்டை போல்ட் போட்டு மாட்டுகிற பிளாஸ்டிக் துண்டு. புது லைட்டுதான், பொய் சொல்லவில்லை. கோணலான இடத்தில் வலுக்கட்டாயமாக முடுக்கிப் புது லைட்டையே உடைத்திருக்கிறார்கள். உடைந்தது தெரிந்துதான் அட்டை வைத்திருக்கிறார்கள்.

டேப்பின் ஒரு முனையை என்னைப் பிடிக்கச் சொல்லி, முன்பக்கத்தை மூலைக்கு மூலை குறுக்கே அளந்தார். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால் சட்டம் நேராக இருக்கிறது என்று அர்த்தம். ஒன்பதாம் வகுப்புக்கு நான் நடத்துகிற செவ்வகப் பாடம். வித்தியாசம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வந்தது. ஒர்க் ஷாப்பில் அத்தனை பேர் முன்னால் நான் ஸ்கேலை வைத்துக்கொண்டு சொன்னது சரிதான் என்று இப்போது அந்த டேப் சொன்னது. அழுகை வந்துவிட்டது. பனியில் வராத அழுகை அங்கே வந்தது.

அவர் சங்கிலி போட்டு, ஜாக்கி வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பேனலை இழுத்து, மறுபடி அளந்து, மறுபடி இழுத்து, சாயங்காலத்துக்குள் நேராக்கிவிட்டார். லைட்டைத் தற்காலிகமாக ஒரு தகடு கொடுத்து நிறுத்தினார். "இது தாங்காது. அவங்க ஒடச்ச லைட்டுக்கு அவங்களாண்டயே புதுசு வாங்கியாங்க. உங்க உரிமை அது" என்றார்.

மறுநாள் சனிக்கிழமை. ரப்பர் பட்டையையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு ஒர்க் ஷாப்புக்குப் போனேன். வண்டி எடுக்க வந்தவர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். முதலாளியின் மேஜை மேல் இரண்டையும் வைத்தேன். பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் மாறி, "பசங்க பண்ணிட்டானுங்க மேடம். உள்ள வாங்க, டீ சாப்ட்டு பேசிக்கலாம்" என்றார்.

"இங்கயே பேசுங்க. அட்டையைப் பசங்க வெச்சாங்க. திருப்தின்னு கையெழுத்து வாங்கினது யாரு? எனக்குத்தான் சின்னது பெருசா தெரியுதுன்னு சொன்னது யாரு? நேத்து அந்தப் பெருசு பஸ்ஸு ரூபத்துல வந்துச்சு. வண்டியில அஞ்சு மாசப் புள்ளத்தாச்சி இருந்தா."

என் குரல் அவ்வளவு உயரும் என்று எனக்கே தெரியாது. உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். முதலாளி அப்போதும் பழக்கதோஷத்தில் போனை எடுத்து என் கணவருக்கு அடித்தார். ஸ்பீக்கரில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. "சார், மேடம் கொஞ்சம் டென்ஷனா..." என்று ஆரம்பித்தார். முந்தின நாள் நடந்ததைக் கேட்டதிலிருந்து என் கணவர் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. "வண்டி ஓட்றது அவங்க. பார்த்தது அவங்க. அவங்ககிட்டயே பேசுங்க. எனக்கு இனிமே போன் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நான் கையெழுத்துப் போட்ட தாளை எடுக்கச் சொன்னேன். என் கையெழுத்துக்குக் கீழே, 'பேனல் நேராக்கப்படவில்லை. உடைந்த லைட்டு அட்டை வைத்து நிறுத்தப்பட்டது' என்று எழுதி, அவரைக் கையெழுத்துப் போடச் சொன்னேன். முடியாது என்றார். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர், ரிஷிவந்தியம் பக்கத்து விவசாயி, "போட்டுக் குடுய்யா. இன்னா இப்ப? நடந்தத தான எழுதிக்கீறாங்க" என்றார். அதற்குள் இன்னொருவர் வெளியே போய், தன் வண்டியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, லைட்டின் ஓரத்தில் விரல் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த பிறகுதான் முதலாளி கையெழுத்துப் போட்டார். செவ்வாய்க்கிழமை புது லைட்டும் வந்தது. கொடுக்கும்போது தவறு என்றோ, மன்னியுங்கள் என்றோ ஒரு வார்த்தை இல்லை. வேறெங்கோ பார்த்துக்கொண்டு நீட்டினார்.

டிங்கர் அதை மாட்டிய விதத்தையும் சொல்ல வேண்டும். எல்லா போல்ட்டையும் முதலில் லேசாகத்தான் போட்டார். பானெட்டை மூடி, சுற்றிலும் சந்தைப் பார்த்து, மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகர்த்தி, எல்லாப் பக்கமும் ஒத்து வந்த பிறகு ஒவ்வொன்றாக முடுக்கினார். பொழுது சாயும் நேரத்தில் ஓர் அரிசி ஆலைச் சுவருக்கு எதிரே சமதரையில் வண்டியை நிறுத்தி, இரண்டு வெளிச்சமும் ஒரே உயரத்தில் விழுகிற வரை ஸ்க்ரூவைத் திருகினார். "டீச்சர், சரியா?" என்று கேட்டுவிட்டு, நான் போய்ப் பார்த்துச் சொல்லும் வரை காத்திருந்தார்.

அறிவியல் டீச்சருக்குச் சித்திரையில் பெண் குழந்தை பிறந்தது. நல்லபடியாகத்தான் பிறந்தது. எனக்கும் பிறகு மாறுதல் வந்து மலையிலிருந்து இறங்கிவிட்டேன்.

அந்த முதலாளி மேல் இருந்த கோபம் ஆறிவிட்டது என்று சொன்னால் பொய். அதைவிட ஆறாத கோபம் ஒன்று என் மேலேயே இருக்கிறது. என் கண் சரியாகத்தான் பார்த்தது, என் விரல் சரியாகத்தான் சொன்னது. நான்கு பேர் சிரித்ததும் அந்த இரண்டையும் நம்பாமல் விட்டது நான்தான் என்பதை, இன்றைக்கும் யாராவது என்னிடம் "அதெல்லாம் ஒண்ணுமில்ல டீச்சர்" என்று சொல்லும்போது நினைத்துக்கொள்கிறேன்.